நான் மென்மையாக்கிய எச்சரிக்கை

பழைய கணினியின் வன்தட்டு ஒன்று விழிக்கும்போது முதலில் ஒரு மூச்சு இழுக்கும். பிறகு மெல்லிய ரீங்காரம். பிறகு, நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல டிக், டிக், டிக். போன கிழமை யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கப் போனேன். கடைக்காரரின் பின்னால், சாக்கு மூடிய பெட்டி ஒன்றிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நான் நின்றுவிட்டேன்.

"அண்ணை, பிரதி உங்கடை கையிலைதான் இருக்கு. வேறை ஏதும் வேணுமோ?" என்று அவர் கேட்ட பிறகுதான் நினைவிலிருந்து வெளியே வந்தேன். இப்போதைய கணினிகள் சத்தம் போடுவதில்லை. அவை உயிரோடு இருக்கின்றனவா என்று காதுக்குத் தெரியாது.

அதே கிழமைதான் மதுராவும் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள். கணினித் திரையில் வரும் ஆங்கில வசனங்களைத் தமிழாக்குவதுதான் எங்கள் பிரிவின் வேலை. இப்போது அவள் காலைத் தேநீர் முடிப்பதற்குள் இயந்திரம் ஆயிரம் வசனங்களைத் தமிழாக்கி வரிசையில் நிறுத்திவிடுகிறதாம். அவள் பார்த்துச் சரி போடுவாளாம்.

"சேர், உங்கடை காலத்திலை ஒரு வசனத்துக்கு மூண்டு நாள் எடுத்தனீங்களாமே, உண்மையோ?"

"ஓம் பிள்ளை. ஒரு வசனத்துக்கு நாலு நாளும் எடுத்திருக்கு" என்றேன். "அது எழுதினதுக்குப் பிறகு."

அவளுக்கு விளங்கவில்லை. எங்கள் ஆண்டு மலருக்கு அதை எழுதித் தாருங்கள் என்றாள். எழுதுகிறேன்.

நான் எழுதுவினைஞனாகத் தட்டச்சு கற்றவன். விரலில் மை, தலையில் கவிதை. கணினி வந்தபோது ஒவ்வொரு அரச கந்தோருக்கும் ஒவ்வோர் எழுத்துரு இருந்தது. ஒரு கந்தோரில் கடிதமாகப் புறப்பட்டது மறு கந்தோரில் கீறலும் புள்ளியுமாய் வந்து இறங்கும். அதைப் பெயர்த்து எடுப்பதிலேயே என் இளமையில் சில ஆண்டுகள் போயின. பிறகு எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறி வந்தது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு திறந்த மூல இயங்குதளம் வந்தது. அது எவரும் உள்ளே நுழைந்து திருத்தக்கூடிய வீடு. யாராவது எங்கள் மொழியை நினைப்பார்களா என்று வாசலில் நிற்கத் தேவையில்லை. சுவரில் நாங்களே தமிழ் எழுதலாம். அந்த நாட்களின் மகிழ்ச்சியை இப்போது எவருக்கும் விளக்க முடியாது. "திற" என்று ஒரு சொல் திரையில் தமிழாய் எழுந்ததற்கு நாங்கள் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறோம்.

ஒரு பயிற்சி நிலையத்தின் மேல்மாடியில் எங்கள் பிரிவு. நான்கு மேசை, மூன்று கணினி, கடல்காற்று வரும் ஒரு யன்னல். மின்வெட்டு வந்தால் மின்கலப் பெட்டி அணிலைப்போலக் கீச்சிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் சேமிப்பு விசையை அமத்துவோம். பிறகு இருட்டுத் திரைகளுக்கு முன்னால் இருந்து கதைப்போம். எவ்வளவு கதைத்தோம்! இன்றைக்கு நினைத்தால் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே எனக்கு வெளிச்சமாய்த் தெரிகிறது.

எங்கள் பொறுப்பதிகாரி இராசநாயகம் சேர். கணக்கு வாத்தியாராய் இருந்து கணினிக்கு வந்தவர். மெலிந்த மனிதர். சத்தம் போட்டு ஏசியதை நான் கேட்டதில்லை. அவர் கோபித்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நீண்ட நேரம் துடைத்தால் நீண்ட கோபம்.

அவர் ஒரு தாள் வைத்திருந்தார். முதல் நிரலில் ஆங்கில வசனம், அடுத்ததில் எங்கள் தமிழ், அடுத்ததில் எழுதியவரின் கையொப்பம். கடைசி நிரலின் தலைப்பு "பார்த்தவர்". அந்த வசனத்தை முன்பின் தெரியாத எத்தனை பேர் திரையில் வாசித்தார்கள் என்பதை அதில் எழுத வேண்டும். மூன்று பேருக்குக் குறைந்தால் வசனம் வெளியே போகாது.

அந்த மூன்று பேரை எங்கே பிடிப்பது? கீழ்மாடியில் வேறொரு கந்தோர் இருந்தது. எப்போதும் வரிசை. சேர் படியிறங்கிப் போய் வரிசையின் வாலில் நிற்பவரிடம் மெல்லக் கேட்பார்: "அய்யா, பத்து நிமிசம் இருக்கோ? மேலை காத்தாடி இருக்கு." யாழ்ப்பாணத்து வெயிலில் காத்தாடிக்கு மறுப்புச் சொல்பவர் யார்?

வந்தவரைக் கதிரையில் இருத்துவார். வசனத்தை எழுதியவர் பின்னால் நிற்க வேண்டும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும். சுட்டியைத் தொடக்கூடாது, திரையைக் காட்டக்கூடாது, இருமக்கூடக் கூடாது. "நீர் வாய் திறந்தால் வசனம் தோல்வி" என்பார். "உம்மை நாங்கள் ஒவ்வொரு கணினிக்குப் பின்னாலையும் வைச்சு அனுப்ப ஏலாது."

ஒருநாள் நீர்வேலியிலிருந்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் வந்து இருந்தார். "காத்திருக்கவும்" என்று திரையில் நான் எழுதியது எழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கணினி விறைத்துப்போயிற்று. அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பின்னால் நின்ற எனக்குக் கால் உளைந்தது. இருபதாம் நிமிடம் சேர் கேட்டார், "ஏன் அய்யா பேசாமல் இருக்கிறியள்?"

"காத்திருக்கச் சொன்னா காத்திருக்கிறதுதானே? கச்சேரிக் கந்தோர் வரிசையிலை ரெண்டு வரியம் பழகினனான்."

சேர் சிரிக்கவில்லை. தாளில் என் வசனத்தை வெட்டி, "ஒரு நிமிடத்தில் முடியாவிட்டால் மீண்டும் தொடங்குக" என்று சேர்த்தார். தோட்டக்காரரைப் படிவரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

இப்படி ஒழுங்கு வைத்திருந்த மனிதர், கண்ணில் சத்திரசிகிச்சைக்காக ஒரு மாதம் கொழும்புக்குப் போனார். அந்த மாதத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

இயங்குதளத்தை நிறுவும்போது வரும் வசனங்களின் கட்டு அது. அனுப்பும் கடைசி நாள் நெருங்கியிருந்தது. அதில் ஓர் எச்சரிக்கை: தொடர்ந்தால் இந்த வன்தட்டில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். நேரான வசனம். ஒரு மூச்சில் தமிழாகும். என் விரல் எழுதவில்லை.

போர் முடிந்து அதிக காலம் ஆகாத நாட்கள். அழிவு என்ற சொல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதிரையில் இருந்தது. அதோடு எங்கள் வளர்ப்பும் ஒன்று உண்டே. ஒருவர் இறந்தால் "மோசம் போயிட்டார்" என்போம். கெட்ட சொல்லை வாசலில் நிறுத்திவிட்டு அதன் நிழலை மட்டும் உள்ளே விடுகிற சனம் நாங்கள். ஒரு மனிதர் தன் வீட்டில், விளக்கு வைத்து, முதன்முதலாய்த் தமிழில் ஒரு கணினியைத் தொடங்குகிறார். அந்த நேரத்தில் "எல்லாம் அழியும்" என்றா திரை சொல்ல வேண்டும்?

"வன்தட்டு முழுவதும் புதிதாக ஒழுங்கு செய்யப்படும். தொடரலாமா?" என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். அழகாய் இருந்தது. பெருமையாய்க்கூட இருந்தது. கீழே போய் மூன்று பேரைக் கூட்டி வர நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "பார்த்தவர்" நிரலில் "ஒருவர்" என்று எழுதினேன். அந்த ஒருவர் நான்தான். கட்டு வெளியே போயிற்று. சீடி இறுவட்டுகளாக ஊருக்குள் பரவியது.

சில மாதங்களின் பின் ஒரு புதன்கிழமை, ஞானம் அக்கா வந்தா. அவவை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஐம்பது வயதுப் பெண். படுக்கைவிரிப்பில் சுற்றிய கணினிப் பெட்டியை வல்வெட்டித்துறையிலிருந்து பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தா. மேசையில் வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அவ மயிலிட்டிக்காரி. கடற்கரைக் காணிகளை விட்டு எழும்பி, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒரு தலைமுறையைக் கழித்த சனத்தின் சங்கத்துக்குச் செயலாளர். இராணுவத்திடமிருந்து காணி விடுபடலாம் என்று கதை அடிபட்ட காலம். எல்லைக் கல்லும் வேலியும் இருக்காது, பற்றை மூடியிருக்கும், எது எவருடையது என்று எப்படிச் சொல்வது? அக்கா முகாம் முகாமாகப் போயிருக்கிறா. ஒவ்வொரு குடும்பத்தையும் இருத்தி, கொப்பித் தாளில் தங்கள் காணியைப் படமாய்க் கீறச் சொல்லியிருக்கிறா. கிணறு எங்கே, பூவரசு எங்கே, ஒழுங்கைப் பாதை எந்தப் பக்கம், பக்கத்து வளவு எவருடையது. பெயரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுவித்திருக்கிறா. ஒரு மாரியில் கூடாரத்துக்குள் வெள்ளம் ஏறித் தாள்கள் ஊறத் தொடங்கியபோது, எல்லாவற்றையும் படமாக்கி, ஒவ்வொரு படத்துக்கும் உரியவரின் பெயரை இட்டு, சங்கத்தின் ஒரே கணினியில் ஏற்றிவிட்டா. தாள்கள் கூழாய்ப் போயின.

அந்தக் கணினியில் வைரஸ் ஏறி மெதுவாகிவிட, யாரோ எங்கள் இறுவட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

"தமிழிலை கேட்டுது தம்பி. நான் ஆரையும் கூப்பிடேல்லை. நானே வாசிச்சு வாசிச்சுப் போட்டன்." படுக்கைவிரிப்பின் நுனியை இழுத்து விட்டா. "புதிதாக ஒழுங்கு செய்யப்படும், தொடரலாமா எண்டு கேட்டுது. நல்லதுதானே எண்டு அமத்தினன்."

என் வசனம். ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடமாய்.

"வேறை எங்கையும் ஒரு பிரதி வைச்சிருக்கிறியளோ அக்கா?"

"எங்கை வைக்கிறது? எனக்கு இருந்தது இந்தப் பெட்டிதான்." பிறகு தன் வலது சுட்டுவிரலைப் பார்த்தா. "ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். காணி விபரம் குடுக்கச் சொல்லிக் கச்சேரியாலை கேட்டிருக்கினம். நான் எழும்பிச் சொல்லப்போறன், எல்லாத்தையும் நானே துலைச்சுப்போட்டன் எண்டு. சொல்லிப்போட்டுச் செயலாளர் வேலையையும் விடப்போறன். இந்த விரலாலைதானே அமத்தினது."

நான் வாய் திறந்திருக்க வேண்டியது அந்த இடத்தில். "ஒரு தேத்தண்ணி குடியுங்கோ" என்றேன்.

இராசநாயகம் சேர் தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பி அலமாரியைத் திறந்தார். பழைய தாள்களைப் புரட்டி ஒன்றை எடுத்தார். என்னை வெளியே விறாந்தைக்குக் கூப்பிட்டுக் கடைசி நிரலில் விரலை வைத்தார்.

"ஆர் அந்த ஒருவர்?"

"நான்தான் சேர்."

கண்ணாடியைக் கழற்றினார். சத்திரசிகிச்சை செய்த கண் வெளிச்சத்துக்குக் கூசியது. துடைத்தார். கீழே வரிசை நகர்ந்தது, ஒரு பேருந்து வந்து போயிற்று, இன்னும் துடைத்தார்.

"முதல்லை வன்தட்டு" என்றார். "பிறகு நீர்."

அழிந்த தட்டிலிருந்து மீட்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைச் சேர் எனக்குக் கையைப் பிடித்துச் செய்வித்த விதம் இன்றும் என் தோளில் இருக்கிறது. அந்தக் கணினியை இனி ஒருமுறைகூடப் போடக்கூடாது. போட்டால் அது எதையாவது எழுதும், எழுதும் இடத்தில் பழையது சாகும். தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்ட வேண்டும், வாசிக்க மட்டும், எழுத முடியாதபடி. பிறகு அதன் முதல் துளியிலிருந்து கடைசித் துளிவரை, வெறுமையையும் சேர்த்து, இன்னொரு பெரிய தட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். தேடுவது பிரதியில்தான். மூலத்தைத் தொடக்கூடாது.

பிரதி எடுக்கப் புதன் முழுதும் போயிற்று. இடையில் மின்சாரம் போகும் என்று நாலு மின்கலப் பெட்டிகளைத் தொடுத்து வைத்தோம். தட்டு டிக் டிக் என்று பிசகாமல் நடந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தா. பின்னேரம் கடைசிப் பேருந்துக்குத்தான் எழும்பினா.

வியாழன் மத்தியானம் முதல் படம் வந்தது. ஒரு கொப்பித் தாள். நீலக் கோடுகளுக்கு மேல் பென்சிலில் ஒரு சதுரம், ஒரு வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் "கிணறு" என்று நடுங்கும் எழுத்து. அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு ஒன்று, பிறகு பத்து, பிறகு மழைபோல. பெரும்பாலானவை வந்துவிட்டன. படங்கள் மட்டும்தான். கோப்புகளின் பெயர்கள் புதிய இயங்குதளம் எழுதிய இடத்துக்கு அடியில் போய்விட்டன. எந்தக் காணி எவருடையது? படம் ஒன்று, படம் இரண்டு, படம் மூன்று. பின்பக்கம் இல்லாத தாள்கள்.

"அப்ப ஊரைக் கூப்பிட வேண்டியதுதான்" என்றா அக்கா.

வெள்ளிக்கிழமை இரண்டு வான்களில் வந்தார்கள். பயிற்சி அறையின் கதிரைகள் போதவில்லை. சேர் தன் பழைய விதியைப் போட்டார்: ஒவ்வொரு திரைக்கும் ஒருவர், பின்னால் நாங்கள், கை முதுகில், வாய் மூடி. எங்கள் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தாலும் ஒருவருடைய காணி இன்னொருவருக்குப் போய்விடும் என்றார்.

எனக்கு முன்னால் இருந்தவர் சூசை அய்யா. ஒரு காலத்தில் இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். கண்ணைச் சுருக்கிப் படம் படமாய்த் தள்ளினார். "உது இல்லை. உதுவும் இல்லை." ஒரு படத்தில் நின்றார். ஒழுங்கை வளைகிற முடக்கு, முடக்கில் ஒரு மரம், மரத்தின் கீழ் ஒரு சிறு பெட்டி. அந்தப் பெட்டியில் விரலை வைத்தார். "வலை வைக்கிற கொட்டில். நான்தான் கீறினனான்." விரலை எடுக்கவில்லை.

பக்கத்துத் திரையிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தா. மயிலிட்டியில் அவருக்கு அயலாம். "என்ன சூசை, வேலியை எங்கை கீறியிருக்கிறாய்? என்ரை பூவரசு உன்ரை பக்கத்திலை நிக்குது!"

"பூவரசு அப்பவும் என்ரை பக்கம்தான்."

"கண்ணாலை காணாத காணியிலையும் அரை முழம் தள்ளிப்போட்டான் பார்! வலை இழுத்த கையெல்லோ, வேலியையும் இழுக்குது."

அறை முழுவதும் சிரித்தது. எத்தனையோ ஆண்டுகளாய் அவர்களில் ஒருவரும் மிதிக்காத மண். அதற்கு ஒரு வேலிச் சண்டை. மூடிய வாயோடு நின்ற என் கண் கலங்கியது, துடைக்கவோ கை பின்னால் கட்டியிருந்தது. அந்த வெள்ளி, சனி இரண்டு நாட்களைப்போல நான் சந்தோசமாய் வேலை செய்ததில்லை. அவ்வளவு வெட்கத்தோடும் வேலை செய்ததில்லை. அக்கா ஒவ்வொரு திரையாய்ப் போய்ப் பெயர் எழுதிக்கொண்டு வந்தா. ஒவ்வொருவரிடமும் சொன்னா, "என்ரை பிழைதான், குறை நினையாதையுங்கோ." என் பக்கம் வரும்போதெல்லாம் நான் திரையைப் பார்த்தேன்.

சனி பின்னேரம் பதினொரு படங்கள் மிஞ்சின. எவரும் அடையாளம் சொல்லவில்லை. "கீறினவை இப்ப இல்லைப்போலை" என்றார் சூசை அய்யா.

எல்லோரும் போன பிறகு சேர் யன்னலைச் சாத்தினார். அந்தத் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "தட்டு முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு கூட்டம் பிள்ளைகள் தனிப்பாடம் படிக்கும் ஒரு டியூட்டறிக் கொட்டிலில் நடந்தது. தென்னோலைக் கிடுகுக் கூரை, இருப்பதற்கு நீள வாங்குகள், கரும்பலகையில் அழியாத ஓர் இரசாயனச் சமன்பாடு. எனக்கு அழைப்பில்லை. கடைசி வாங்கில் போய் இருந்தேன். தலைவர் பேசி முடித்ததும் அக்கா எழும்பினா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா.

"எல்லாருக்கும் தெரியும். நீங்கள் நம்பித் தந்ததை நான்..."

"அக்கா, இருங்கோ" என்றேன். எல்லாத் தலையும் திரும்பியது. நான் அழகாய்ப் பேச முயலவில்லை. அந்த வசனத்தைத் தமிழில் எழுதியது நான். அழியும் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒழுங்கு செய்யப்படும் என்று எழுதியது நான். ஒருவருக்கும் காட்டாமல் காட்டியதாகக் கையொப்பம் வைத்ததும் நான். தாளை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தேன். "அக்காவின்ரை விரலிலை பிழையில்லை. அவ எழுதியிருந்ததை நம்பினவ."

கிடுகு காற்றுக்கு உரசியது. முன் வாங்கிலிருந்து சூசை அய்யா மெல்லத் திரும்பினார்.

"அப்ப நீர்தானோ அந்த நல்ல மனுசன்? எங்களை நோகாமல் சாக்காட்டப் பாத்தவர்?" ஒருவரும் சிரிக்கவில்லை. "நெருப்பெண்டு சொன்னா வாய் வேகாது தம்பி. நாங்கள் ஷெல்லுக்குள்ளாலை வந்த சனம். ஒரு சொல்லுக்குச் செத்துப்போகமாட்டம்."

நான் தலை குனிந்து நின்றேன். தலைவர் தாளை வாசித்துவிட்டு மடித்தார். செயலாளர் மாற வேண்டும் என்று நினைப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். ஒரு கையும் உயரவில்லை. அக்கா திரும்ப வாங்கில் இருந்தா. அவ என் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் கலைந்து வீதிக்கு வந்தபோது மத்தியான வெயில். பேருந்து நிறுத்தத்தில் அவ தனியே நின்றா. பெயர்கள் எழுதிய கொப்பி நெஞ்சோடு. நான் கிட்டப் போனேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"நாலு நாள்" என்றா, வீதியைப் பார்த்தபடி. "நாலு நாள் நான் என்ரை விரலைத் திட்டினனான். சோறு தின்னேக்கை இந்தக் கையைப் பாக்க எனக்கு அருவருப்பாய் இருந்தது. நீர் எனக்கு முன்னாலை இருந்து தேத்தண்ணி ஊத்தித் தந்தனீர்."

"ஓம்."

"தமிழிலை இருந்ததாலைதானே நம்பினன். இங்கிலீசிலை இருந்தா ஆரையும் கேட்டிருப்பன்."

நான் அவவின் நெஞ்சோடு இருந்த கொப்பியைப் பார்த்தேன்.

பேருந்து தூரத்தில் திரும்பியது. அவ கையை நீட்டி மறித்துக்கொண்டே கேட்டா, "இப்ப அந்த இடத்திலை என்ன எழுதியிருக்கு?"

"இன்னும் எழுதேல்லை அக்கா. நாளைக்கு மாத்தி அனுப்ப வேணும்."

"எழுதும். 'இதிலை உள்ள எல்லாம் அழிஞ்சுபோகும், திருப்பி எடுக்க ஏலாது.' அப்பிடியே எழுதும். பூப்போட்டு எழுதாதையும்."

பேருந்து வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவ, நின்று, அன்றைக்கு முதன்முதலாய் என் முகத்தைப் பார்த்தா.

"உம்மோடை எனக்கு இனிக் கதை பேச்சு இல்லை. நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வாறன், அந்தப் பதினொரு படத்தையும் திறந்து வையும்."